வெள்ளி மதியம் பன்னிரண்டு வரை யாரும் பேசக் கூடாது

மே 6, செவ்வாய்

காலை முழுக்க மேஜை விரிப்பின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். பச்சையா, நீலமா. ஆறு நாட்டுப் பிரதிநிதிகள், ஆளுக்கொரு உதவியாளர், கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள், குறிப்பெடுக்க நான். பச்சை ஒரு நாட்டுக் கொடியில் இருக்கிறதாம், அது பாரபட்சமாம். நீலம் இன்னொரு நாட்டுக் கொடியில். கடைசியில் விரிப்பே வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. எங்கள் கூட்டமைப்பில் எல்லாமே ஒருமனதாகத்தான் ஆக வேண்டும். ஒருத்தர் தலையை ஆட்டாவிட்டால் மற்ற ஐந்து பேர் ஆட்டிப் பயனில்லை.

நர்ஸ் ஒப்பந்தம் மதியத்துக்குத் தள்ளிப்போனது. மதியம் யாருக்கோ விமானம். அதனால் அடுத்த கூட்டத்துக்குப் போனது. எங்கள் இயக்குநருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒத்திவைப்பு. "அப்ப இதை அடுத்த தடவை பார்த்துக்கலாமே" என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, தங்கை போன். "என்னக்கா, ஆச்சா?" "விரிப்பு ஆச்சு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க வேண்டியவள் அவள் இல்லையே. அதுதான் எனக்கு எரிச்சல்.

மே 9, வெள்ளி

எழுதித் தீர்த்தால்தான் மண்டை வெடிக்காமல் இருக்கும் போல.

என் தங்கை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருந்தாள். கல்யாணம் செய்துகொண்டு எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். அந்தப் பக்கம் என்றால் ஜன்னலோரம். அலுவலகத்தில் நாடுகளை உட்காரும் இடத்தை வைத்துத்தான் சொல்வோம், ஜன்னலோரம், சுவரோரம், கதவுப்பக்கம் என்று. பெயரைச் சொன்னால் எந்தப் பெயரை முதலில் சொன்னாய் என்று ஒரு சண்டை வரும்.

அங்கே அவள் சான்றிதழ் செல்லாது. பாலத்துக்கு இந்த முனையில் நர்ஸ், அந்த முனையில் ஒன்றுமில்லை. நடந்தால் கால்மணி நேரம் ஆகாது. நடுவில் எங்கே கழன்று ஆற்றில் விழுந்தது அவள் படிப்பு? இப்போது ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஒப்பந்தம் வந்தால், ஆறில் எந்த நாட்டில் பதிவு செய்த நர்ஸும் மற்ற ஐந்திலும் வேலை பார்க்கலாம். ஒரே நிபந்தனை: ஒப்பந்தம் நிறைவேறும் நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் ஏதாவதொரு மருத்துவமனையில் வேலை பார்த்திருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். நானும் தலையாட்டினேன். அப்போது தங்கைக்கு நாள் நிறைய இருந்தது. இந்த செப்டம்பர் பன்னிரண்டோடு அவள் வேலையை விட்டு மூன்று வருஷம் முடிகிறது.

அதற்குள் இந்த ஆறு பேரும் தலையை ஆட்டிவிட்டால் போதும். விரிப்பு நிறத்துக்கே ஒரு காலைப் பொழுது போனது.

மே 19, திங்கள்

தேறிவிட்டது! இரண்டு வருஷமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்த வரைவு இன்று குழுவில் தேறிவிட்டது. இனி மௌன ஒப்புதல்தான் பாக்கி.

இதை இவருக்கு விளக்குவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்பார்.

"வரைவை ஆறு தலைநகருக்கும் அனுப்புவோம். ஒரு கெடு வைப்போம். கெடு முடியுற வரைக்கும் யாரும் எதுவும் எழுதலைன்னா எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். யாராவது எழுதிட்டா மௌனம் கலைஞ்சுடுச்சு. மறுபடி குழு, மறுபடி முதல்லேருந்து."

"அப்ப யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், ஓட்டுப் போட வேண்டாம்?"

"வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கிறதுக்கா இத்தனை பேருக்குச் சம்பளம்? எங்க ஸ்கூல்ல பின் பெஞ்சு பசங்களை அனுப்புறேன், பிரமாதமா செய்வாங்க."

கெடு: மே முப்பது, வெள்ளி மதியம் பன்னிரண்டு.

மே 30, வெள்ளி

கெடுவுக்குக் கொஞ்ச நேரம் முன்பு சுவரோரத்திலிருந்து கடிதம் வந்தது. கலைந்தது மௌனம்.

காரணத்தை எழுதவே கை கூசுகிறது. பின்னிணைப்பில் நர்ஸ் அடையாள அட்டையின் மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் புகைப்படம் இடது பக்கம். அவர்கள் நாட்டில் எல்லா அட்டையிலும் படம் வலது பக்கமாம், முத்திரை குத்தும் எந்திரம் இடது பக்கம்தான் குத்துமாம், நர்ஸின் மூஞ்சியில் குத்திவிடுமாம்.

அந்த அட்டை இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. இரண்டு வருஷம்! ஒருத்தர் கூடவா பக்கத்தைப் புரட்டவில்லை?

சுவரோரத்துப் பிரதிநிதியின் பெயர் எங்களுக்குள் விதிப்படி. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும். படியில் வைத்துப் பிடித்தேன். "சார், இதைக் குழுவிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "விதிப்படி, கெடுவுக்குள்ள எப்ப வேணும்னாலும் சொல்லலாம் அம்மா" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தச் சாந்தம் இருக்கிறதே — வாயில் நல்லா வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மே 31, சனி

படத்தை நடுவில் வைக்கலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். நான் படித்த படிப்புக்கு இதுதான் உயர்ந்தபட்சப் பயன்.

ஜூன் 12, வியாழன்

தங்கை அழுதாள். எனக்குத் தெரிந்து கல்யாணத்தன்றுகூட அவள் அழவில்லை.

கிளினிக்கில் காத்திருந்த ஒரு ஆள், டோக்கன் வாங்கிய கையோடு நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறார். நாடி இல்லை. இவள் மேஜையைத் தாண்டிக் குதித்து, தரையில் படுக்கவைத்து, நெஞ்சில் கைவைத்து அழுத்த ஆரம்பித்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. பிழைத்துவிட்டார்.

பல் டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: "நல்லதுதான் செஞ்சீங்க. ஆனா இனிமே தொடாதீங்க. உங்களுக்கு இங்க லைசென்ஸ் கிடையாது. ஏதாவது ஆகியிருந்தா என் கிளினிக்கையே மூடியிருப்பாங்க."

"தொடாதீங்கன்னு சொல்லிட்டாருக்கா. என்னை. தொடாதேன்னு."

அந்த டாக்டர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் சொன்னது சட்டம். அந்தச் சட்டத்தை மாற்றுவதற்குத்தானே எனக்குத் தினமும் காபியும் குளிரூட்டிய அறையும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். நான் நடுவில் போட்டோ ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஜூலையில முடிஞ்சிரும்டி" என்றேன். "ம்" என்றாள். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மறுபடி சுற்றுக்கு விட்டாகிவிட்டது. படம் நடுவில். கெடு இருபத்தைந்து, வெள்ளி, மதியம் பன்னிரண்டு. விதிப்படியிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். "எங்களுக்கு இனி ஒண்ணும் இல்லை" என்றார். மற்ற நாலு பேரும் அப்படியே. ஜன்னலோரத்தைக் கேட்கவில்லை. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே நம் பக்கம். அவர்கள் மருத்துவமனைகளில் பாதி வார்டு ஆளில்லாமல் கிடக்கிறது, கேட்கவா வேணும்?

ஜூலை 25, வெள்ளி

ஐயோ. ஐயோ. ஐயோ.

ஜன்னலோரத்துக்குப் புதிதாக ஒரு பெண் பிரதிநிதியாக வந்திருக்கிறாள். சின்ன வயது, சுறுசுறுப்பு, எல்லாருக்கும் முதலில் வணக்கம் சொல்வாள். காலையில் ஆறு நாட்டுக்கும் போகும்படி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாள்: இந்த ஒப்பந்தத்தை எங்கள் அரசு முழு மனதோடு வரவேற்கிறது, எந்த ஆட்சேபணையும் இல்லை, செயலகத்துக்கு எங்கள் நன்றி.

அடுத்த நிமிஷம் விதிப்படியிடமிருந்து ஒரு வரி வந்தது. விதிப்படி, கெடுவுக்குள் எழுத்தில் எது வந்தாலும் மௌனம் கலைந்ததாகவே கருதப்படும்.

விதியை எடுத்துப் பார்த்தேன். பாவி மனுஷன் சொன்னது சரி. ஆட்சேபணை வந்தால் என்று எழுதவில்லை, எழுத்தில் ஏதேனும் வந்தால் என்றுதான் இருக்கிறது. அதை எழுதிய புண்ணியவானுக்கு, வரவேற்று ஒருத்தர் எழுதுவார் என்று தோன்றியிருக்காது. எங்கள் வரலாற்றில் யாரும் எதையும் வரவேற்றதில்லை.

ஒத்திவைப்பின் அறைக்கு ஓடினேன். "சார், அவங்க சரின்னுதானே சொல்றாங்க? சரின்னு சொன்னதுக்கா மௌனம் கலையும்?"

"சரின்னு சொன்னாலும் சொன்னதுதானேம்மா. அடுத்த குழுவில பார்த்துக்கலாம்."

அந்த முகத்தில் அந்த நிம்மதி. கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். கொஞ்சம் பலமாகவே.

தங்கையை ஏற்றுக்கொள்ள வேண்டிய நாடே, ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிக் கெடுத்துவிட்டது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஜூலை 27, ஞாயிறு

நேற்று முழுக்க தங்கை போனை எடுக்கவில்லை. இன்று எடுத்தாள், சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "சரி விடுக்கா, அந்தப் பொண்ணு நல்ல மனசுலதானே எழுதியிருக்கு" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே உயிரை விடுகிறேன், இவளுக்கு விடுக்காவாம்.

"உனக்கு அக்கறை இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 20, புதன்

தலைமை மாறும் விழா. கதவுப்பக்கம் இறங்குகிறது, சுவரோரம் ஏறுகிறது. மரச் சுத்தியலைக் கைமாற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தரம் சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கித் திரும்பக் கொடுத்தார்கள். புதுத் தலைமை இடம்பிடித்து உட்கார்ந்து முதல் குழுவைக் கூட்ட அக்டோபர் ஆகும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு சிறப்புக் கூட்டம், ஒரு மணி நேரம் போதும் என்று ஒத்திவைப்பிடம் கெஞ்சினேன். அவருக்கு என் தங்கை விஷயம் தெரியும், ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். "உங்க வீட்டு விஷயத்துக்காக ஆறு நாட்டைக் கூட்ட முடியுமாம்மா?" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

என் தங்கை மாதிரி எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீட்டு வேலையிலும் கடைக் கல்லாவிலும் எத்தனை நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. பேச வேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்து பாத்திரத்திடம்தான் பேசினேன். இவர் வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "உடைஞ்சா புதுசு வாங்கணும், அதுக்கும் ஆறு நாட்டைக் கேட்கணும்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, சனியன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்று வருஷம் முடிந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மூன்றாம் முறை சுற்றுக்கு விட்டாயிற்று. அதே வரைவு, ஒரு எழுத்து மாறவில்லை. கெடு இருபத்துநாலு, வெள்ளி.

மதியம் ஜன்னலோரத்துப் பெண் என் மேஜைக்கு வந்தாள். ஜூலையிலிருந்து என்னைக் கண்டால் பாதை மாறிப் போய்க்கொண்டிருந்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், உங்க தங்கச்சி விஷயம் கேள்விப்பட்டேன். என்னாலதான் அவங்களுக்குத் தேதி போயிடுச்சு. நான் ஒரு வரி எழுதட்டுமா? மூணு வருஷத்தை அஞ்சு வருஷமா மாத்தணும்னு. எங்க மினிஸ்ட்ரில யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

எழுதினால் மௌனம் கலையும். ஜனவரியில் மறுபடி குழு. ஐந்து வருஷம் என்றால் சுவரோரம் எதிர்க்கும், நாலு என்று பேரம் பேசும், அதற்குள் இன்னொரு தலைமை வரும். அதற்குள் இன்னும் எத்தனை பேருக்கு மூன்று வருஷம் முடிந்துபோகும்? ஆனால் என் தங்கை உள்ளே வருவாள். ஒரு வரி போதும். நான் சரி என்று சொன்னால் போதும்.

"வேண்டாம்" என்றேன். "தயவுசெஞ்சு ஒண்ணும் எழுதாதீங்க. நன்றின்னு கூட எழுதாதீங்க."

அவள் போனபிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்ன பிறவி நான்? சொந்தத் தங்கை. தொடாதேன்னு சொல்லிட்டாங்கன்னு அழுதாளே. அவளுக்காக வாயைத் திறக்க முடியலைன்னா அந்த நாற்காலியில எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?

அக்டோபர் 21, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். ஒரு ஜோக்காவது அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "நீ செஞ்சது சரிதான்" என்று மட்டும் சொன்னார். சரி என்று எனக்கும் தெரியும். சரியாக இருப்பதால் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணின் எண் என் போனில் இருக்கிறது. நேற்று காலை எடுத்து எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் திரையில் கடிதப் பெட்டி காலி. ஒரு விளம்பரம் வந்ததற்கே அனுப்பியது யாரென்று மூன்று தரம் பார்த்தேன்.

பன்னிரண்டு ஆனது. ஒன்றும் வரவில்லை.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டுவதா? ஒரு சுத்தியல் தட்டவில்லை, ஒரு பேனா திறக்கவில்லை. ஆறு நாடுகளும் சும்மா இருந்து ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்துவிட்டன. விதிப்படிதான் முதலில் வந்தார். "இனிமே பேசலாம் அம்மா" என்று கையை நீட்டினார். குலுக்கினேன். அந்த ஆளைத் திட்டக்கூட இன்று மனசு வரவில்லை.

எல்லாரும் கேக் வெட்டினார்கள். எனக்கு இறங்கவில்லை. தங்கையிடம் போனில் சொல்ல மாட்டேன். நேரில் போகிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவளை என்ன செய்தால் தகும்?

காலையில் பாலத்தைத் தாண்டிப் போனேன். வழி நெடுக எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "யாருக்கு என்னாச்சு?"

சொன்னேன். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, உனக்கு மட்டும் தேதி போய்விட்டது, அந்தப் பெண் எழுதுகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏன்க்கா தேதி போகுது? நான் நேத்துகூட டியூட்டி பார்த்தேனே."

"எந்த டியூட்டி? டோக்கனா?"

"நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிக்கா. பாலம் இறங்கினதும் மஞ்சக் கட்டடம் இருக்கே, அங்க. ஜூன்லேருந்து சனிக்கிழமை சனிக்கிழமை போறேன்."

அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் காலையில் வந்திருக்கிறேன்.

"அன்னைக்கு அந்த மனுஷனோட நெஞ்சுல கைவெச்சேன்ல. அதுக்கப்புறம் சும்மா டோக்கன் கொடுக்க முடியலக்கா. கை அரிக்குது. அங்க போய்க் கேட்டேன், உடனே வான்னுட்டாங்க. நம்ம பக்கம்தான் என் லைசென்ஸ் செல்லுமே. உன் ஒப்பந்தத்துக்காகவெல்லாம் போகலை. அது வரும்னே நான் நினைக்கலை."

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொன்னா? அதுக்கு நீ ஒரு துணைக்குழு போட்டிருப்ப."

மாப்பிள்ளை சமையலறையிலிருந்து சிரித்தார். அவருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. முதுகில் ஒன்று வைத்தேன், நிஜமாகவே வைத்தேன். பிறகு, என் புத்தி எங்கே போகும், "பதிவேட்டுல உன் பேர் இருக்கா? பணிச் சான்று தருவாங்களா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை கரண்டியோடு வெளியே வந்து சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அந்தப் பொண்ணை எழுதவிட்டிருந்தா, அக்கான்னுகூடப் பார்த்திருக்க மாட்டேன். பாலம் தாண்டி மஞ்சக் கட்டடத்துக்கு என்கூட சனிக்கிழமைக்கு வர்றவங்க எத்தனை பேர் தெரியுமா உனக்கு?"

தெரியாது. இதுவும் தெரியாது.

நவம்பர் 28, வெள்ளி

பதிவு கிடைத்துவிட்டது என்று தங்கை செய்தி அனுப்பியிருக்கிறாள். அட்டையின் படமும். நடுவில் அவள் மூஞ்சி, மூக்கின் மேல் பாதி முத்திரை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆசிரியர்கள் ஒப்பந்தம் ஆரம்பித்துவிட்டது. முதல் கூட்டத்தில் கரும்பலகை என்பதற்கு விளக்கம் வேண்டும் என்று கதவுப்பக்கம் கேட்டிருக்கிறது. ஒத்திவைப்பு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவர் மட்டும் ஆவலாக இருக்கிறார், பாலத்துக்கு அந்தப் பக்கம் கணக்குக்கு ஆளில்லையாம்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். எடுத்ததும் புலம்பல். பெரிய ஆஸ்பத்திரியாம், பேருக்குத்தான் பெரிசாம். தியேட்டரில் மூன்று ஆபரேஷன் தொடர்ந்து நின்றாளாம், கால் இரண்டும் கழன்று விழுகிறதாம். தலைமை நர்ஸ் ஒரு ராட்சசியாம், கத்தரியை எண்ணிவைத்தது சரியில்லை என்று எல்லார் எதிரிலும் கத்தினாளாம். கான்டீன் காபி வாயில் வைக்க விளங்கவில்லையாம். அடுத்த வாரம் முழுக்க இரவு டியூட்டி போட்டிருக்கிறார்களாம், இதைக் கேட்க நாதியில்லையாம்.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா விட்டுடேன்டி" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, அப்படி ஒரு வார்த்தை எப்படிச் சொல்லலாம் என்று சாப்பாட்டு நேரம் முடியும்வரை என்னைத் திட்டினாள். பின்னால் யாரோ "சிஸ்டர், தியேட்டர் ரெடி" என்றார்கள். அப்போதுதான் நிறுத்தினாள்.